சௌந்தரி அக்காவின் இடது கால்

செய்தி வந்தபோது நான் இட்லி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். காலை ஆறேகால். எங்கள் ஞாயிறு நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் பிரவீன் ஒரு வரி போட்டிருந்தார்: "நம் சௌந்தரி மேடம் இன்று அதிகாலை காலமானார்." அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் கையைக் கழுவினேன். மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். போட்டிருந்தேன். இட்லியை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன்.

"எந்த சௌந்தரி? பாலைவனத்துல கால் முடியாம திரும்பி வந்தாங்களே, அவங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். ஆறு வருடங்களாக இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவரும் பதில் அதுதான். இறந்த அன்றும் அதையேதான் சொன்னேன். அது பொய் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே வேறு விஷயங்களும் வரும். அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்று, குழுவுக்காக எழுதச் சொன்ன பிரவீன் சொல்லியிருக்கிறார்.

பத்து மணிக்குச் சேக்காட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் மாலை நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னவரை மகள் கவிதா பூந்தமல்லி சாலையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போயிருக்கிறாள். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கப்படி இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நாற்காலிகள் போதுமா என்று யாரோ கேட்டார்கள், எண்ணிப் பார்த்து இருபத்தெட்டு என்று சொன்னேன். அன்று என்னால் முடிந்தது அவ்வளவுதான். உள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

ஞானசௌந்தரி அக்கா பட்டாபிராமில் பிறந்தவர். ஆவடியில் ராணுவத்துக்குக் கூடாரம் தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தையல் பிரிவில் இருந்தார். நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி வந்து, அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்தேன். அதாவது, அவர்கள் தைத்ததில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். பொருள், குறை, பரிசோதித்தவர் என்று மூன்று வரி. அந்த வேலைக்கு என்னைப்போல ஒருத்தி கிடைப்பது கஷ்டம் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். தையல் பிரிவில் வேறு மாதிரி சொல்வார்கள்.

நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் அக்கா தைத்த பதினோரு கூடாரங்களைத் திருப்பி அனுப்பினேன். கயிறு மாட்டும் மூலையில் ஒரு சுற்றுத் தையல் குறைவு. இப்படித் திருப்பி அனுப்பினால் சண்டைக்கு வருவார்கள், அதற்குத் தயாராகவே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு மூலையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டு, "நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம் இஸ்கறேன்" என்றார். இழுத்தோம். கிழியவில்லை. "கியியாது பாத்தியா" என்றார். கிழியாவிட்டாலும் கணக்கில் ஒரு சுற்றுக் குறைகிறது என்றேன். எடுத்துக்கொண்டு போய், பதினொன்றையும் பிரித்து மறுபடி தைத்து அனுப்பினார். மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ சொன்னதுதான் சரி லோகு. பாலைவனத்துல காத்து அடிச்சா நாம இன்னா அங்க போயி புடிச்சிகினு நிக்கப்போறோமா?" என்று கேட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வறுத்த மீனை என் தட்டில் வைத்தார். லோகநாயகி என்ற என் பெயரை லோகு என்று சுருக்கியவர் அவர்தான்.

அந்தக் கூடாரங்கள் பாலைவனத்துக்குப் போகின்றன என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். பொதிகளின்மேல் பெயிண்டில் எழுதிய ஊர்ப்பெயர்களை அக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஓய்வு பெறுகிற நாளன்று எல்லோரும் காசிக்குப் போகிறேன், ராமேஸ்வரம் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "நம்ம தெச்ச டென்ட்டு எந்த மண்ல நிக்கிதுன்னு ஒரு தபா பாக்கணும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் நானும் ஓய்வு பெற்றேன். அம்பத்தூரில் குடியிருக்கும் கணினிக்காரர் பிரவீன் ஒரு நடைக் குழு தொடங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து மணி நேரம் நடப்பார்கள். அக்கா என்னையும் இழுத்துப்போனார். ஒருநாள் பிரவீன் தன் போனில் ஒரு பாதையைக் காட்டினார். ஜெய்சல்மேரில் கிளம்பி ஜோத்பூர் வரைக்கும், முதுகில் பையோடு, மணலும் முள்காடுமாகக் கிராமம் கிராமமாகப் பதினேழு நாள் நடக்க வேண்டும். நடுவில் பொக்ரான் என்ற சிறு நகரத்தில் இரண்டு நாள் ஓய்வு. அக்கா போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பொக்ரான் என்ற பெயரைக் கூடாரப் பொதிகளில் நாங்கள் இருவரும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

பயிற்சியைச் சித்திரை வெயிலில் தொடங்கினோம். பாலைவனம் என்றால் வெயில்தானே. சுமை பழக ஆளுக்கு ஆறு கிலோ அரிசி, நாலு லிட்டர் தண்ணீர், எல்லாம் அக்கா தைத்த பையில். கூடாரத் துணியின் குணம் தெரிந்தவர் தைத்த பை, ஆறு வருடமாகியும் ஒரு நூல் விடவில்லை. சேக்காட்டிலிருந்து திருநின்றவூர் ஏரி வரைக்கும் நடப்போம், திரும்பும்போது மின்சார ரயில். கால் பழகியதும் குத்தம்பாக்கம் வரைக்கும் போய், அங்கே பேருந்து நிறுத்தத்து நிழலில் சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்புவோம். ஆவடி ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் பெண் ஒருமுறை கேட்டாள்.

"இன்னாக்கா, ஊட்ட காலி பண்ணிகினு போறீங்களா?"

"இல்ல கண்ணு. பாலைவனத்துக்குப் போறோம்."

"தோ, இங்கயே அப்டித்தான கீது" என்று சொல்லிவிட்டு அவள் பூவுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். அக்கா ஏரிவரைக்கும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

நீண்ட நடைக்காரர்களுக்கு எடைதான் பெரிய பகை. சமையல் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தோம். பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டினோம். சோப்பைக் கால்வாசி ஆக்கினோம். சட்டைக் காலரில் இருக்கும் சீட்டைக்கூடப் பிரித்தெடுத்தார் அக்கா. பட்டியலைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பிரவீன் கொடுத்த பட்டியலில் கம்பளிச் சட்டை, கையுறை, குல்லா எல்லாம் இருந்தன. ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், அதனால்தான் இப்படி எழுதியிருக்கிறார் என்று நினைத்து மூன்றையும் அடித்தேன்.

"தை மாசமாச்சே லோகு. பனி இருக்காது?" என்று அக்கா கேட்டார்.

"ஆவடியில தை மாசத்துக்கு ஸ்வெட்டரா போட்டோம்? அங்க இதவிட வெயிலு அக்கா. ஒன்னரைக் கிலோ குறையுது" என்றேன்.

"நீ பாஸ் பண்ணா சரி" என்றார் அவர்.

என் வீட்டில் யாருக்கும் இந்தப் பயணம் பிடிக்கவில்லை. "ஒரு வாரத்துல திரும்பி வந்துருவ, எழுதி வச்சுக்கோ" என்று வீட்டுக்காரர் சொன்னார். என் நாத்தனார்கள் இரண்டு பேரிடமும் போனில் அதையே சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினேழு நாளும் முடிக்காமல் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். பொங்கல் முடிந்த மறுவாரம் கிளம்பினோம்.

முதல் மூன்று நாள் நன்றாகவே போயிற்று. பகலில் எங்களுக்குப் பழகிய வெயில். அக்கா முன்னால் நடப்பார். கிராமத்துப் பெண்கள் கம்பு ரொட்டி தருவார்கள், நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியைத் தொட்டுச் சாப்பிடுவோம். அக்கா மொழி தெரியாமலே மணிக்கணக்கில் பேசுவார். அவர் மதராஸ் தமிழில் பேச, அவர்கள் ராஜஸ்தானியில் பதில் சொல்ல, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் விடியற்காலையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்க என் விரல்கள் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. கை மரத்துப்போயிருந்தது. பாட்டில் தண்ணீரை வாயில் வைத்தால் பல் கூசியது. உடம்பு நடுங்குவது என்றால் என்ன என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டேன். வெயிலுக்குப் பயந்து எட்டு மாதம் பயிற்சி செய்துவிட்டு, குளிருக்கு ஒரு கர்சீப்கூட எடுத்துப்போகாத இரண்டு பேரை அந்தப் பாதை அதற்கு முன் பார்த்திருக்காது. அக்கா வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ள வைத்திருந்த சால்வையை எனக்குச் சுற்றிவிட்டார். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அவர் உதடும் நடுங்கிக்கொண்டிருந்தது. பட்டியலை அடித்தது யார் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அடுத்த மூன்று காலையும் அப்படியே போயின.

ஏழாம் நாள் மதியம் பொக்ரான் வந்து சேர்ந்தோம். கடைத்தெருவில் ஒரு விடுதி. வாளி நிறைய வெந்நீர், சுவர், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, மெத்தை. குளித்துவிட்டுப் படுத்தவள் மறுநாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. நடைக்காரர்கள் ஓய்வு நாளில் பையிலிருப்பதையெல்லாம் படுக்கைமேல் கொட்டி, வேண்டியது, தபாலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டியது, அடுத்தவருக்கு விட்டுப்போக வேண்டியது என்று பிரிப்பார்கள். என் பையையும் சேர்த்து அக்காதான் கொட்டிப் பிரித்தார். கிழிந்த இடம் ஒன்றைத் தைத்தார். கடைத்தெருவுக்குப் போய் ஆளுக்கொரு கம்பளிச் சட்டையும் கம்பளிக் கையுறையும் வாங்கிவந்தார். எனக்குப் பச்சை, அவருக்கு அரக்கு. "இனிமே குளுரு நம்மள ஒண்ணும் பண்ணாது" என்றார்.

கிளம்ப வேண்டிய காலை. அவர் பையை மாட்டி, ஷூ கட்டி நின்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"நான் வரலக்கா. என்னால முடியாது" என்றேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, காலில் ஒரு கீறல் இல்லை. கம்பளியும் வந்துவிட்டது. ஆனாலும் அந்த விடியற்காலை மறுபடி வரும் என்ற நினைப்பையே தாங்க முடியவில்லை. பயம், வேறொன்றுமில்லை. அதே விடுதியில் புனேயிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஜோத்பூருக்கு நடப்பவர்கள். அவர்கள் கதவைத் தட்டி, வேண்டுமானால் நீங்கள் எங்களோடு வாருங்கள் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். எனக்கு அன்று மாலையே ரயில் இருந்தது. அவர் போயிருக்கலாம். அவர் கால்கள் அவ்வளவு நன்றாக இருந்தன. போங்கக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தனியாகத் திரும்பப் பயந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்று, அந்த இருவரும் தெருமுனை திரும்பும்வரைக்கும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, இடது ஷூவைக் கழற்றினார். மருந்துப் பையிலிருந்து கிரேப் பேண்டேஜை எடுத்து, பாதத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் நிதானமாகச் சுற்றி, ஊக்குக் குத்தினார்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றேன், அவர் பேச்சு எனக்கும் ஒட்டியிருந்தது.

"உங்க ஊட்டுக்காரரு ஒரு வாரத்துல வருவேன்னு சொன்னாரு இல்ல? நாம நடந்தது கரெக்டா ஒரு வாரம். நீ இன்னான்னு சொல்லுவ? எனக்குக் கால்ல கொப்புளம், நீ தொணைக்கு வந்துட்ட. இதான் கதை, மாத்தாத."

என் கண்ணெதிரேயே பிரவீனுக்குப் போன் போட்டு அதைச் சொல்லியும்விட்டார். ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் ரயிலில் நன்றாகவே நடந்தார். சென்னை வந்து மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், "அம்பத்தூர் வந்தா சொல்லு, நொண்டணும்" என்றார். அம்பத்தூர் வந்ததும் சொன்னேன். ஆவடியில் நடைக் குழு மாலையோடு நின்றது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி இறங்கினார். தோழிக்காகப் பாதியில் திரும்பியவள் என்று மாலையை எனக்குத்தான் போட்டார்கள். வீட்டுக்காரர்கூட, "பாவம், அவங்களுக்காக விட்டுட்டு வந்துட்ட" என்றார். நாத்தனார்களுக்கும் அப்படித்தான் சொன்னார்.

பொய் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்குப்பின் குழுவில் நீண்ட நடை வைக்கும்போதெல்லாம், "மேடம், உங்க கால் தாங்காது, நீங்க வண்டியில வாங்க" என்று பிரவீன் சொல்ல ஆரம்பித்தார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்காவும் மறுக்கவில்லை. மறுத்தால் கதை மாறிவிடும். எங்களுக்கு முன்னால் தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில், ஓட்டுநர் பக்கத்தில், மடியில் பழச்சீப்போடு உட்கார்ந்திருப்பார். ஐந்தாவது கிலோமீட்டரில் நின்று எல்லோருக்கும் பழம் கொடுப்பார். எனக்கும் கொடுப்பார். நான் வாங்கித் தின்றுவிட்டு நடப்பேன். இது ஆறு வருடம் நடந்தது.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, திருநின்றவூரிலிருந்து ரயிலில் வரும்போது கேட்டேன். "அக்கா, அந்தக் கட்டு..."

"எந்தக் கட்டு?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்து காலேஜ் ஸ்டேஷன் தாண்டியதும், "மிச்சம் பத்து நாளு கீது லோகு. போயி முடிச்சிட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். இடையில் அவர் கணவர் படுத்த படுக்கையானார், இரண்டு வருடம் அக்காதான் பார்த்துக்கொண்டார். கணவர் காலமான பிறகு, ஒவ்வொரு கார்த்திகையிலும் அக்கா பையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்வார். ஒரு வருடம் முட்டி வலி என்றேன். ஒரு வருடம் பேத்திக்குப் பரீட்சை என்றேன். கடைசிக் கார்த்திகையில், "அடுத்த வருஷம் கண்டிப்பாக்கா" என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நான் இல்லாமல் போக அவருக்கு எந்தத் தடையும் இல்லை, நினைத்திருந்தால் போயிருப்பார். ரெண்டு பேராய் வந்தோம், ரெண்டு பேராய் முடிப்போம் என்று அவர் மனதில் இருந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை குழுவில் இரங்கல் கூட்டம் வைத்தோம். பேசிய எல்லோரும் அவர் வண்டியில் உட்கார்ந்து பழம் கொடுத்ததைத்தான் சொன்னார்கள். "அந்தக் கால் மட்டும் நல்லா இருந்திருந்தா, மேடம் ஜோத்பூர் வரைக்கும் போயிருப்பாங்க" என்று பிரவீன் சொன்னார். மைக் என் கைக்கு வந்தது. "நல்ல மனுஷி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை, போனபிறகும் வரவில்லை. என்ன பிறவியோ நான்.

கூட்டம் முடிந்து கவிதா ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த நடைப்பை. "அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில சொல்லிச்சு" என்றாள். வீட்டுக்கு வந்து திறந்தேன். அவர் பை என்றால் எப்போதும் எல்லாம் இடம் மாறாமல் இருக்கும். அடியில் கூடாரம், அதன்மேல் இரண்டு கம்பளிச் சட்டை. பக்கவாட்டு உறையில் இரண்டு ஜோடி கையுறைகள், பச்சையும் அரக்கும், கடைக்காரர் கட்டிய நூலைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மருந்துப் பையில் அந்தக் கிரேப் பேண்டேஜ், இறுக்கமாகச் சுருட்டி, அதே ஊக்குக் குத்தியிருந்தது. பையை எடை போட்டுப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. ஏழு கிலோ இருநூறு. நாங்கள் கிளம்பும்போது இருந்த எடையோடு கம்பளிகள் மட்டும் கூடியிருந்தன.

கார்த்திகை வருகிறது. பையை நான் வெயிலில் போடுவேன். அதற்குமேல் எதையும் இங்கே வாக்குக் கொடுக்கப்போவதில்லை, அவருக்குக் கொடுத்த வாக்குகளே போதும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இருபத்தாறு வருடம் நான் எழுதிய சீட்டுகளில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. குழுவில் எல்லோரும் படிக்கும்படி, என் வீட்டிலும் படிக்கும்படி, அதை எழுதிவிடுகிறேன்.

பொருள்: ஞானசௌந்தரி அவர்களின் கால்கள், இரண்டு.

குறை: வலது, இல்லை. இடது, இல்லை. அன்றும் இல்லை.

பரிசோதித்தவர்: லோகநாயகி. திரும்பி வந்தது இவளால்.

அக்கா, இனி வண்டியில் உட்கார வேண்டாம். கட்டை அவிழ்த்துவிட்டு நடங்க.